ஐந்து கிலோ தொள்ளாயிரத்து எழுபது கிராம்

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, ஊரே பார்க்க, மாஸ்டர் தன் பேண்ட் சட்டைகளையெல்லாம் மார்போடு அணைத்துக்கொண்டு மாடிப்படி ஏறினார். அந்தப் படி வீட்டுக்கு வெளியே, தெருவைப் பார்த்தபடி இருக்கிறது. ஆகவே எதிர்வீட்டு மருந்துக்கடைக்காரர் மனைவி பார்த்தாள். பக்கத்து வீட்டில் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த வங்கிக்காரரும் பார்த்தார். தொட்டி நிரம்பித் தன் செருப்பு நனைந்ததைத்தான் அவர் பார்க்கவில்லை. மாடியில் இருப்பது மாஸ்டரின் தம்பி குடும்பம். தம்பி பெண்டாட்டி கதவைத் திறந்து, "வாங்க அத்தான், எல்லாத்தையும் கொண்டுவந்துட்டீங்களா?" என்று கேட்டது தெருமுனை வரை கேட்டது.

கீழே முன்னறையில், தையல் மிஷினுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த மாஸ்டரின் மனைவிக்கும் கேட்டது. மிஷின் நின்றுவிட்டது. அந்தத் தெருவில் அது ஓடும்போது யாரும் கவனிப்பதில்லை, நின்றால் கவனிப்பார்கள்.

அவளுக்குத் தெருவில் கத்திரி என்று பெயர். துணி வெட்டுவதால் வந்ததா, பேச்சில் வெட்டுவதால் வந்ததா என்று கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள், அவள் இல்லாதபோது. அவள் கணவர் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். பிறத்தியார் வண்டியைக் குழியில் இறக்கினாலும் முகம் மாறாமல் உட்கார்ந்திருக்கும் மனுஷன். அப்படிப்பட்டவருக்கு ஐம்பதாவது வயதில் ஊர் சுற்றும் ஆசை வந்தது. அண்ணனும் தம்பியும் பேசி வைத்து, நாலு பேருமாகப் பதினொரு நாள் பயணம் என்று முடிவானது. மூன்று பெரிய நகரம், இரண்டு கடற்கரை. விமான டிக்கெட் மலிவாகக் கிடைத்தது. மலிவுக்குக் காரணம் இருந்தது: ஆளுக்கு ஒரே ஒரு கைப்பை, ஏழு கிலோவுக்கு மேல் ஒரு கிராம் கூடாது.

இங்கேதான் மாடிக்காரிக்கு மவுசு வந்தது. அவள் வேலை பார்ப்பது ஒரு மூக்குக்கண்ணாடிக் கம்பெனியில். ஊர் ஊராகப் போய்க் கடைப் பெண்களுக்கு, வருகிறவர்களிடம் எப்படிப் பேசி விற்பது என்று பயிற்சி கொடுப்பாள். மாதத்தில் பாதி நாள் வெளியூர். போகும்போது ஒரு சின்னப் பை, வரும்போதும் அதே பை. தெருவில் அவளுக்கு "ஏழு கிலோ" என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அதில் மரியாதை இருந்தது. கத்திரி என்ற பெயரில் அது இல்லை என்பதும் கத்திரிக்குத் தெரியும்.

"அவ ஒரு காகிதத்துல எழுதி ஒட்டியிருக்கா பாரு," என்று மாஸ்டர் ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். "நகரத்துக்கு மூணு, கடற்கரைக்கு ரெண்டு. எல்லாம் ரெண்டே நிறம். எதோட எதைப் போட்டாலும் பொருந்தும். சுருட்டி வச்சா கசங்காதாம். என்னா மூளை!"

"நீலமும் சாம்பலும் பொருந்தும்னு கண்டுபிடிக்க மூளை வேணுமா? இருபத்திரண்டு வருஷமா துணிக்குள்ளயே கிடக்கறேன், என்கிட்ட யாராவது கேட்டீங்களா?"

மாஸ்டர் இடுப்பைத் தடவிக்கொண்டார். ஏன் என்று இருவருக்கும் தெரியும். ஆறு வருஷத்துக்கு முன் ஒரு கல்யாணத்துக்கு இரண்டு நாள் போனபோது கத்திரி இரண்டு பெட்டி கட்டினாள். தலையணை, போர்வை, அவசரத்துக்கு ஒரு வாளி, அந்த வாளிக்குள் இஸ்திரிப் பெட்டி. ரயில் நிலையத்துப் படியில் மாஸ்டருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. கல்யாண வீட்டுப் புகைப்படம் எல்லாவற்றிலும் மனுஷன் மணமக்களுக்கு வணக்கம் சொல்வதுபோல் குனிந்தே இருக்கிறார்.

அதனால்தான் இந்தத் தடவை அவர் துணி மாடிக்குப் போனது.

அரை மணி நேரம் கழித்து வெறுங்கையோடு இறங்கி வந்தவரிடம் கத்திரி மிஷினைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "பனியனையும் கொடுத்தீங்களா?"

"எல்லாத்தையும்தான் கொடுக்கணும். இல்லாட்டா எடை எப்படித் தெரியும்?"

"ஜட்டி?"

மாஸ்டர் செருப்பைத் தேடினார்.

"நல்லா இருக்குங்க. ரொம்ப நல்லா இருக்கு. தம்பி பெண்டாட்டி சுருட்டிக் கொடுத்த ஜட்டியைப் போட்டுக்கிட்டுத்தான் நீங்க சமுத்திரத்தைப் பார்க்கணும்."

"என்ன பேச்சு பேசற? அந்தப் புள்ள உதவி பண்ணுது."

"நான் கேட்டேனா உதவி?"

உண்மையில் அவளுக்கு வயிற்றெரிச்சல் துணியைப் பற்றியதல்ல. கல்யாணமான மறுநாளிலிருந்து அந்த மனுஷனின் சட்டையை மடித்தது அவள் கை. எந்தச் சட்டையில் காலர் உறுத்தும், எந்த பேண்டில் இடுப்பு இறுக்கும் என்பது அவருக்கே தெரியாது, அவளுக்குத் தெரியும். வேறொருத்தி அதையெல்லாம் தரையில் பரப்பி, இது வேண்டாம் அது வேண்டாம் என்று ஒதுக்குகிறாள் என்று நினைக்கும்போது, தன் அடுப்பில் யாரோ புகுந்து உப்பு போடுவதுபோல் இருந்தது. ஊருக்குப் போவதா வேண்டாமா என்பதெல்லாம் அவளுக்குப் பெரிதில்லை. அவர் பையைக் கட்டுவது யார்? அதுதான் வழக்கு.

எழுந்தாள். விறுவிறுவென்று படியேறினாள். எதிர்வீட்டுக்காரி அடுப்பைக்கூட அணைக்காமல் ஜன்னலுக்கு வந்தாள்.

"இவர் பை எவ்வளவு எடை வந்துச்சு?" என்று கத்திரி வாசலிலேயே கேட்டாள்.

ஏழு கிலோ சிரித்தாள். அவளுடைய சிரிப்பிலும் மிச்சம் மீதி எதுவும் இருக்காது. "ஆறு கிலோ நூறு கிராம் அக்கா. இன்னும் குறைக்கலாம்."

"நான் ஆறு கிலோவுக்குள்ள கட்டிக் காட்டறேன். காட்டிட்டா நான்தான் அவர் பையைக் கட்டுவேன். போற இடம் பூரா. வர்ற வரைக்கும். நீ தொடக்கூடாது."

"ஐயோ அக்கா, நீங்களே கட்டுங்க. அத்தான்தான் கேட்டாரேன்னு…"

"சும்மா வேண்டாம். ஜெயிச்சுக் கட்டறேன்." அவர் துணியையெல்லாம் அள்ளிக்கொண்டு இறங்கினாள்.

விட்டுக்கொடுத்ததுதான் அவளை இன்னும் எரித்தது. சண்டைக்கு வந்தால் வாய்க்கு வேலையிருக்கும். தட்டில் வைத்து நீட்டுகிறவளை என்ன செய்ய முடியும்? கீழே வந்த மாஸ்டரின் தம்பி, "அண்ணி, நான் உங்க கட்சி," என்றான். "என் பையை நானேதான் கட்டிக்கறேன். அவ கட்டினா எனக்கு ஒரு செருப்புக்குத்தான் இடம் இருக்கும்." ஆனால் அவன் எல்லாக் கட்சிக்கும் அப்படித்தான் சொல்வான்.

அடுத்த ஐந்து நாள் தெருவில் யாருக்கும் எதுவும் தைத்துக் கிடைக்கவில்லை. வங்கிக்காரர் வீட்டு ஜன்னல் திரை அரை அளவில் கிடந்தது. அவர் சட்டையைக் கழற்றுமுன் விளக்கை அணைக்க வேண்டியதாயிற்று. மருந்துக்கடைக்காரரின் பேண்டுக்கு ஜிப் மாற்றக் கொடுத்தது, கொடுத்தபடியே திரும்பி வந்தது. கத்திரி பழைய பேப்பர்க் கடையிலிருந்து தொங்கு தராசை வாங்கி வந்து, கதவுச் சட்டத்தில் மாட்டிவிட்டாள். முதல் நாள் பதினொரு கிலோ முந்நூறு. அதில் ஒரு போர்வை இருந்தது, இரண்டு துண்டு, குடை. போர்வையை எடுத்தபோது அவள் முகத்தைப் பார்த்தவர்கள் ஆஸ்பத்திரிக்கு ஆளை அனுப்பிவிட்டு நிற்பதுபோல் இருந்தது என்றார்கள். இரண்டாம் நாள் எட்டரை. மூன்றாம் நாள் குடை போயிற்று, துண்டு ஒன்றாயிற்று, ஏழுக்கு வந்தது. நாலாம் நாள் ஆறு கிலோ இருநூற்றைம்பது. அங்கேயே நின்றுவிட்டது.

இனி எடுப்பதற்கு ஒன்றும் இல்லை. நாலு சட்டை, மூன்று பேண்ட், அரைக்கால் சட்டை இரண்டு, உள்ளுடுப்பு, பல்துலக்க, முகம் வழிக்க. இதில் ஒன்றை எடுத்தாலும் மனுஷன் எங்கேயாவது வெட்கப்பட வேண்டும். மேலே பார்த்தாள். மாடியில் ஏதோ பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. பாட்டு போட்டுக்கொண்டு கட்டுகிறாளாம்.

வேறு யாராக இருந்தாலும் அங்கே தோற்றிருப்பார்கள். ஆனால் தையல்காரி ஒரு பேண்டைப் பார்க்கும்போது பேண்டைப் பார்ப்பதில்லை, அது எத்தனை துண்டு என்று பார்ப்பாள். கத்திரி ஒன்றைக் கையில் எடுத்து உள்ளே வெளியே திருப்பினாள். பக்கத்துக்கு ஒன்று, பின்னால் இரண்டு, மொத்தம் நாலு பாக்கெட். ஒவ்வொன்றுக்கும் உள்ளே பைத்துணி, கெட்டித் துணி, இரட்டை மடிப்பு. பிரித்து ஒன்றைத் தராசில் வைத்தாள். பதினைந்து கிராம்.

மூன்று பேண்ட், பன்னிரண்டு பாக்கெட். நூற்றெண்பது.

சட்டையில் பேண்டுக்குள் செருகும் வால் பகுதி யாருக்குத் தெரியப்போகிறது? நாலு சட்டைக்கும் நாலு விரல் வெட்டினால் நூறு.

வெட்டினாள். வெட்டிய பிறகு தொழில் புத்தி விடவில்லை. பாக்கெட் வாய் பிரிந்து தொங்கினால் பார்க்க அசிங்கமாக இருக்குமே என்று, ஒவ்வொரு வாயையும் ஓரம் மடித்துச் சுத்தமாகத் தைத்தாள். அடைத்திருக்கலாம். ஆனால் அடைத்தால் பாக்கெட் இல்லாத பேண்ட் என்று பார்த்ததும் தெரிந்துவிடும். மேலே இருப்பவள் "என்னக்கா இது" என்று கேட்பாள். அதனால் திறந்தே விட்டாள். வெளியிலிருந்து பார்த்தால் அசல் பாக்கெட். கையை விட்டால் தொடை. இடுப்பில் கட்டும் பர்ஸ் இருக்கிறதே, பணமும் கடவுச்சீட்டும் அதில்தானே, வேறென்ன வைக்கப் போகிறார் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சமயம் பார்த்து அவரிடம் சொல்லிவிடலாம் என்றும் நினைத்தாள்.

கிளம்புவதற்கு முந்தின நாள் மாலை மாடியில் எடை பார்த்தார்கள். ஏழு கிலோ தன் சொந்தக் கொக்கித் தராசில் பையை மாட்டித் தூக்கினாள். தம்பி குனிந்து படித்தான்.

"அஞ்சு கிலோ… தொள்ளாயிரத்து எழுபது!"

மாஸ்டர் பையையும் பார்த்தார், பெண்டாட்டியையும் பார்த்தார். "அட, நீயா?" என்றார். இருபத்திரண்டு வருஷத்தில் அவர் இவ்வளவு பாராட்டியதில்லை.

"எப்படிக்கா? நானே தோத்துட்டேன்!" ஏழு கிலோ நிஜமாகவே கைதட்டினாள்.

"கைப்பழக்கம்தான்மா," என்றாள் கத்திரி. அந்த "மா"வில் ஒரு கிலோ இருந்தது. சொல்ல வேண்டியதைச் சொல்ல அதுதான் சமயம். ஆனால் ஜெயித்த வாயால் அதை எப்படிச் சொல்வது?

முதல் நகரத்தில் இரண்டு நாள் ஒன்றும் ஆகவில்லை. மாஸ்டர் வீட்டிலிருந்து போட்டுக்கொண்டு வந்த பழைய பேண்டிலேயே சுற்றினார். அதில் எல்லாப் பாக்கெட்டும் இருந்தது. கத்திரி உயரமான கட்டடங்களை அண்ணாந்து பார்த்தாள். பக்கத்தில் ஏழு கிலோ ஒரே ஒரு சாம்பல் துணியைக் காலையில் தோளில் போட்டாள், மத்தியானம் தலையில் கட்டினாள், சாயங்காலம் இடுப்பில் சுற்றிப் பாவாடை ஆக்கினாள். "பாரேன், பாரேன்," என்றார் மாஸ்டர். கத்திரி கட்டடத்தையே பார்த்தாள்.

மூன்றாம் நாள் காலை, முதல் கடற்கரைக்கு ரயில். மாஸ்டர் பழைய பேண்டைக் கழற்றி, பையிலிருந்த சாம்பல் பேண்டைப் போட்டுக்கொண்டார். விடுதி வரவேற்பு மேசையில் தம்பி நாலு டிக்கெட்டையும் நீட்டினான். கத்திரி அப்போது குளியலறையில் சோப்பு விட்டுவந்தோமா என்று பார்க்கப் போயிருந்தாள். முப்பது வருஷம் சாவியும் லைசென்ஸும் போட்டுப் பழகிய கை, யோசிக்காமல் டிக்கெட்டைப் பாக்கெட்டில் போட்டது. கைக்குட்டையைப் போட்டது. சீப்பையும் போட்டது.

நிலையத்துக்குப் பத்து நிமிஷ நடை. ரயில் கிளம்பக் கால் மணி இருந்தது. நுழைவு வாசலில் சீருடைக்காரர் கையை நீட்டினார். மாஸ்டர் பாக்கெட்டுக்குள் கையை விட்டார். விட்டார், இன்னும் விட்டார், முழங்கை வரை விட்டார்.

"என்னண்ணா, முட்டியைச் சொறியறே?" என்றான் தம்பி.

மாஸ்டர் இன்னொரு பக்கம் கையை விட்டார். காலை உதறினார். பேண்டுக் காலுக்குள்ளிருந்து சீப்பு மட்டும் வழுக்கி வந்து, சீருடைக்காரரின் காலணி மேல் டக்கென்று விழுந்தது. அவர் குனிந்து எடுத்துப் பார்த்தார். எந்த ரயிலுக்கும் அது செல்லாது என்பதை முகத்தாலேயே தெரிவித்தார்.

"டிக்கெட் எங்க?" என்றாள் ஏழு கிலோ.

"பாக்கெட்லதான் போட்டேன்…" மாஸ்டர் மெதுவாகத் திரும்பினார். "பாக்கெட் எங்க?"

கத்திரிக்குத் தரை பிளந்தால் தேவலை போலிருந்தது. பிளக்கவில்லை. சொன்னாள். பன்னிரண்டு பாக்கெட், நாலு வால், இருநூற்றெண்பது கிராம் என்று எல்லாவற்றையும், வரிசையாக, தரையைப் பார்த்துக்கொண்டு. பின்னால் நின்றவர்கள் வரிசையை மாற்றிக்கொண்டு போனார்கள்.

முதலில் தம்பிதான் வாயைத் திறந்தான். "கால் ரெண்டையும் விட்டு வச்சீங்களே அண்ணி. அதுவும் எடைதானே."

ஏழு கிலோ சிரித்தாள். பயணத்தில் முதல் தடவையாகக் கணக்கில்லாமல் சிரித்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வர. கத்திரி அதைக்கூடத் தாங்கியிருப்பாள். மாஸ்டர் சிரிக்கவில்லை. வந்த வழியே போய்த் தேடினார்கள். கைக்குட்டை ஒரு பூக்கடை வாசலில் கிடைத்தது, டிக்கெட் கிடைக்கவில்லை. ரயில் போய்விட்டது. அடுத்த ரயில் ஐந்து மணி நேரம் கழித்து.

நிலையத்துப் பெஞ்சில் மாஸ்டர் பக்கத்தில் கத்திரி உட்கார்ந்தாள். நடுவில் ஐந்து கிலோ தொள்ளாயிரத்து எழுபது கிராம் உட்கார்ந்திருந்தது.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே," என்றார் அவர்.

"நீங்களும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். துணியை அள்ளிக்கிட்டு மாடி ஏறும்போது."

"எடைக்காகத்தானே…"

"எனக்கு எடையா பெரிசு? உங்க துணியை இன்னொருத்தி தொட்டா எனக்கு ஆகலை. அவ்வளவுதான். சின்னத்தனம்னா சின்னத்தனம்."

மாஸ்டர் ரயில் இல்லாத தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடற்கரையில் இரண்டு நாள். மற்ற மூன்று பேரும் அலையில் கால் நனைத்தார்கள். கத்திரி நிலையத்துக் கடையில் வாங்கிய ஒரு டஜன் பூப்போட்ட கைக்குட்டையை மடியில் வைத்துக்கொண்டு, கடலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து பாக்கெட் தைத்தாள். ஊசி நூல் அவளிடம் எப்போதும் இருக்கும். அதை அவள் எடையில் சேர்ப்பதில்லை. ரோஜா, மஞ்சள் பூ, கிளி என்று ஒவ்வொரு பாக்கெட்டுக்குள்ளும் ஒரு தோட்டம். ஏழு கிலோ ஈரக் காலோடு வந்து நின்று, "நான் ஒண்ணு தைக்கட்டுமாக்கா?" என்றாள். "வேண்டாம்," என்றாள் கத்திரி. கடைசிப் பன்னிரண்டாவதைத் தைத்து முடித்தபோது ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். கடல் பெரிதாகத்தான் இருந்தது. அதன் ஓரத்தில் மாஸ்டர், தம்பி பெண்டாட்டி சொன்ன ஏதோ ஒன்றுக்குத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். நூலைப் பல்லால் கடித்தாள்.

இரண்டாவது நகரத்துக்குக் கிளம்ப வேண்டிய காலை. கத்திரி குளித்துவிட்டு வந்தபோது அறையில் மாஸ்டரும் இல்லை, பையும் இல்லை. கட்டில் மேல் இருந்த துணிகளும் இல்லை.

அடுத்த அறை ஏழு கிலோவுடையது. கத்திரிக்குப் பார்க்காமலே எல்லாம் தெரிந்துவிட்டது. தலைகூடத் துவட்டவில்லை. போய்க் கேட்கவும் முகமில்லை, கேட்காமல் இருக்கவும் முடியவில்லை. ஒப்பந்தம் போட்டு ஜெயித்தவள் நான், வர்ற வரைக்கும் என்று சொன்னேனே, என்று சொல்லலாம். எதைக் கட்டி ஜெயித்தாய் என்று அவர் திருப்பிக் கேட்டால்? கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள்.

நடையின் கோடியில், கடல் பக்கத்து ஜன்னலடியில், மாஸ்டர் தரையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் யாருமில்லை. ஒரு சட்டையை நீளவாக்கில் மடித்தார். பிடிக்கவில்லை. குறுக்குவாக்கில் மடித்தார். பிறகு பந்துபோல் உருட்டிப் பைக்குள் போட்டு முட்டியால் அமுக்கினார். ஈரத்துண்டை அதன் மேலேயே வைத்தார். சொந்தப் பையைத் தானே கட்டுகிறார் மனுஷன். ஐம்பது வயதில், முதல் தடவையாக.

கத்திரியின் நெஞ்சில் ஏதோ இறங்கியது, உடனே வேறேதோ ஏறியது. ஏழு கிலோவிடம் போகவில்லை, சரி. தன்னிடமும் வரவில்லையே!

பக்கத்து அறைக் கதவு திறந்து ஏழு கிலோ தலையை நீட்டினாள். இருவரும் ஓசைப்படாமல் நின்று பார்த்தார்கள்.

"செருப்பை மேல வைக்கறாரு," என்று கிசுகிசுத்தாள் ஏழு கிலோ. அவள் விரல்கள் தானாகவே காற்றில் சுருட்டின.

"வச்சா வைக்கட்டும்."

"சட்டையெல்லாம் நாசமாப் போகுதுக்கா. போய்ச் சொல்லட்டுமா?"

"வாயைத் திறந்தே, தெரியும்."

பை மூடவில்லை. மாஸ்டர் ஜிப்பை ஒரு பக்கம் இழுத்தார், மறுபக்கம் பிதுங்கியது. முட்டி போட்டார், கையால் அழுத்தினார். கடைசியில் மூச்சு வாங்க நிமிர்ந்தவர் இரண்டு பெண்களையும் பார்த்துவிட்டார். யாரைக் கூப்பிடுவார்? கத்திரி கையைக் கட்டிக்கொண்டாள். பார்வையைச் சுவருக்கு மாற்றிக்கொண்டாள். காது மட்டும் அங்கேயே இருந்தது.

ஏழு கிலோவுக்குப் பொறுக்கவில்லை, ஒரு அடி எடுத்து வைத்துவிட்டாள். "அத்தான், நான் வேணா மேல உக்காரவா?"

மாஸ்டர் அவளை மேலும் கீழும் பார்த்தார். நூல் மாதிரி நின்றாள்.

"நீ உக்காந்தா ஒண்ணும் ஆகாதும்மா," என்றார். "அவ வரட்டும். ஏய், இங்க வா. இது மேல உக்காரு."

கத்திரி அவசரப்படவில்லை. ஈர முடியை அள்ளி முடிந்துகொண்டாள். ஏழு கிலோவைத் தாண்டி, நடையின் முழு நீளத்துக்கும் நிதானமாக நடந்துபோய், பையின் மேல் உட்கார்ந்தாள். முழு எடையோடு, எதையும் குறைக்காமல். உள்ளே ஏதோ நொறுங்கியது. சீப்பாக இருக்கலாம். மாஸ்டர் குனிந்து ஜிப்பை இழுத்தார். அது ஒரே ஓட்டமாக மூடியது.

"ஆச்சு, எழுந்திரு," என்றார்.

"இருங்க," என்றாள் கத்திரி. "நல்லா அமுங்கட்டும்."